சோத்துக்கைப் பக்கம்

நீங்க பார்த்தீங்க. இல்லண்ணே, பார்த்தீங்க, நான் கண்ணாடியில கவனிச்சேன். அந்த மோட்டல் குழாயடியில நான் கை கழுவுறதைப் பார்த்துட்டே நின்னீங்க. எல்லாரும் ஏறியாச்சு, டிரைவர் ஹாரன் அடிக்கிறார், இவன் ஒருத்தன் மட்டும் இடது கையைச் சோப்புப் போட்டுத் தேய்ச்சுட்டே நிக்கிறானே, என்ன கேசுடா இதுன்னு நினைச்சிருப்பீங்க. தப்பில்ல. நானா இருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பேன். பாருங்க, கடைசியில என் பக்கத்து சீட்டுதான் உங்களுக்கு வாச்சிருக்கு.

ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. உங்களுக்குச் சோத்துக்கை எது? தூக்கிக் காட்டுங்க. ஆங். வலது. யோசிக்கவே இல்ல பாருங்க. யாரும் யோசிக்க மாட்டாங்க. நானும் யோசிக்கல. அதான் விஷயமே. மதுரை போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும், சொல்லிடுறேன். சொல்லாம விட்டா நீங்க தப்பா நினைச்சுட்டே போயிருவீங்க.

எம் பேரு கார்மேகம். மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில இருக்கேன். எந்த ஆஸ்பத்திரின்னு வேண்டாம். டாக்டர் இல்ல, கம்ப்யூட்டர் ஆள். ஸ்கேன் எடுப்பாங்கள்ல, அந்த ஃபைலைத் திறக்குறது என் வேலை. திறக்குறதுக்கு ஒரு ஆளான்னு கேப்பீங்க. எங்க மாமனார் கல்யாணம் ஆன நாள்ல இருந்து அதைத்தான் கேட்டுட்டு இருக்கார். உங்க போன்ல இருக்குற போட்டோ மாதிரி இல்லண்ணே அது. ஒரு ஆளோட தலையை மெஷின் நூத்தம்பது இருநூறு துண்டாப் படம் எடுக்கும். அத்தனையும் ஒரே ஃபைல். அப்படியே வச்சா இடம் பத்தாதுன்னு அமுக்கிக் கட்டி வச்சிருப்பாங்க. பேரோட கடைசியில ஜி, இசட்னு ரெண்டு எழுத்து இருந்தா மூட்டை கட்டியிருக்குன்னு அர்த்தம். அதை அவுக்கணும். உள்ள வெறும் நம்பரா இருக்கும், லட்சக்கணக்குல. அதை வரிசை குலையாம எடுத்து, டாக்டர் சுத்திச் சுத்திப் பாக்குற மாதிரி ஒரு தலையா நிமித்தி வைக்கணும். அதுக்கு நான் ஸ்கிரிப்ட் எழுதுவேன், பைத்தான்ல. ஆமா, பாம்பு பேருதான். சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க. சின்னச் சின்ன வரிதான், ஆனா ஒரு வரி மாறினா தலையே மாறிப் போயிரும்.

இதைக் கொஞ்சம் கவனமாக் கேளுங்க. மூட்டையைப் பிரிச்சதும் முதல்ல தலைப்புன்னு ஒண்ணு வரும். எத்தனை துண்டு, எவ்வளவு தடிமன், எது வலது, எது இடதுன்னு எல்லாம் அதுலதான் எழுதியிருக்கும். நிறையப் பேர் நம்பரை மட்டும் எடுத்துட்டு தலைப்பைப் பாக்காம விட்டுருவாங்க. அது பெரிய தப்பு. ஏன்னா மூளைக்கு வலதும் இடதும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு மெஷின் காலடியில நின்னு பாக்குற மாதிரி அடுக்கும், இன்னொண்ணு தலைமாட்டுல நின்னு பாக்குற மாதிரி அடுக்கும். தலைப்பைப் பாக்காதவன் வலதை இடதுன்னு சொல்லிட்டுப் போயிருவான். நான் பாக்காம விட்டதே இல்ல. ஒரு தடவைகூட இல்ல. நீங்க வேணா எங்க ஆஸ்பத்திரியில கேட்டுப் பாருங்க. இல்ல, கேக்காதீங்க.

நாலு வருஷம் முன்னாடி வெளிய ஒரு ஸ்கேன் சென்டர்ல இருந்து ஒரு ஃபைல் வந்துச்சு. தலைப்புல எது வலதுன்ற இடம் காலி. என்ன பண்றது? நான் கேஸ் ஷீட்டை வாங்கிப் படிச்சேன். அந்த ஆளுக்கு வலது கால் இழுக்குதுன்னு போட்டிருந்துச்சு. மூளையில எல்லாமே குறுக்கு, தெரியுமா உங்களுக்கு? இடது பக்கம் கெட்டா வலது கை காலுல தெரியும், வலது பக்கம் கெட்டா இடதுல தெரியும். வலது கால் இழுக்குதுன்னா கட்டி இடது பக்கம்தான் இருக்கணும். படத்துல வலது பக்கம் நின்னுச்சு. அப்ப படம் புரண்டு வந்திருக்குன்னு போய்ச் சொன்னேன். திரும்ப எடுத்துப் பார்த்தாங்க, நான் சொன்னதுதான் சரி. பெரிய டாக்டர் எல்லார் முன்னாடியும் தோள்ல தட்டி, "கார்மேகம், நீ வெறும் கம்ப்யூட்டர் ஆள் இல்லய்யா, பாதி டாக்டர்"னார். நர்சுங்க எல்லாம் நிக்கிறாங்க. பாதி டாக்டர்! வீட்டுக்குப் போய் மாமனார்கிட்ட மூணு தடவை சொன்னேன்.

அன்னைல இருந்து ஃபைல் வந்தா நான் முதல்ல கேஸ் ஷீட்டைப் படிச்சிருவேன். யாரும் படின்னு சொல்லல. படிக்காதேன்னும் சொல்லல.

அப்பதான் சொர்ணத்தாய் அம்மா வந்துச்சு. எட்டயபுரம் தாண்டி உள்ளுக்குள்ள ஒரு ஊர். தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்குற வேலை. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். வாய்ன்னா அப்படி ஒரு வாய். வந்த மறுநாளே வார்டுல இருக்குற அத்தனை பேர் கதையும் அதுக்குத் தெரியும். நான் அதைப் பார்த்தது மத்தியானம் கேன்டீன்ல. எதுத்த பெஞ்சுல உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்துச்சு. இடது கையில சாப்பிடுது. சோறு விரலுக்கு நடுவுல கொட்டுது, வாய்க்குப் போறது பாதி, சேலையில விழுகுறது பாதி. எனக்கு மனசு கேக்கல. "அம்மா, ஸ்பூன் வாங்கித் தரட்டுமா?"ன்னேன். அது சிரிச்சுச்சு. "வேண்டாங்கய்யா. ஒரு மாசமா இந்தச் சோத்துக்கை சண்டித்தனம் பண்ணுது. விட்டு விட்டு மரத்துப் போகுது. அதுக்குத்தான் வந்திருக்கேன்"னுச்சு. அப்புறம், "நீங்க என்னய்யா வேலை?"ன்னு கேட்டுச்சு. "கம்ப்யூட்டர்மா, உங்க தலைப் படத்தை நான்தான் திறப்பேன்"னேன். "நல்லாத் திறந்து பாருங்க, உள்ள ஒண்ணும் இருக்காது"ன்னு சொல்லிட்டு அதுவே விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. பக்கத்து பெஞ்செல்லாம் சிரிச்சுச்சு.

மறுநாள் அதோட ஃபைல் வந்துச்சு. கேஸ் ஷீட்டைப் பார்த்தேன். வலது கை, விட்டு விட்டு மரப்புன்னு எழுதியிருந்துச்சு. வார்டு நர்ஸ் ஃபிலோமினா சிஸ்டர் கையெழுத்து, முத்து முத்தா இருக்கும். வார்டு டாக்டரும் கீழ அதையே எழுதியிருந்தார். அவர் சோதிச்ச நேரம் மரப்பு இல்ல போல, ரெண்டு கையும் ஒரே பலமாத்தான் பிடிச்சுச்சாம். நான் ஃபைலைத் திறந்தேன். கட்டி வலது பக்கம். தலைப்பு சரியா இருக்கு. எது வலது, எது இடதுன்னு தெளிவா எழுதியிருக்கு. மெஷின் நம்ம மெஷின்.

ஆனா வலது கை மரத்துப் போச்சுன்னா கட்டி இடதுலதானே இருக்கணும்?

யோசிச்சேன்ணே. யோசிக்காமச் செய்யல. கேன்டீன்ல பார்த்தது ஞாபகம் வந்துச்சு. பாவம், வலது கை மரத்துப் போய்த்தானே அந்தம்மா பழக்கமில்லாத இடது கையில சாப்பிட்டுச்சு, அதனாலதானே கொட்டுச்சுன்னு தோணுச்சு. என் கண்ணால பார்த்திருக்கேன். கேஸ் ஷீட்டு சொல்லுது, கண்ணு சொல்லுது, ஃபைல் ஒண்ணு மட்டும் மாத்திச் சொல்லுது. வார்டுக்கு இன்டர்காம் அடிச்சேன். ஒரு தடவை அடிச்சேன். எடுக்கல. சாப்பாட்டு நேரம். வார்டு மேல் மாடியிலதான், இருபது படி. சரின்னு ஸ்கிரிப்டுல ஒரு வரி சேர்த்தேன். வலதை இடதாப் புரட்டுற வரி. ஓட்டினேன். கட்டி இடது பக்கம் வந்து உக்காந்துச்சு. பார்த்ததும் மனசுக்கு நிம்மதியா இருந்துச்சு. புரட்டினதையே அந்தம்மா பேர்ல சேமிச்சு மேல அனுப்பிட்டேன். புரட்டியிருக்கேன்னு ஒரு குறிப்பு வச்சிருக்கலாம். திருத்தினதுக்கு எதுக்குக் குறிப்புன்னு விட்டுட்டேன்.

பெரிய டாக்டர் பாக்கலையான்னு கேப்பீங்க. பார்த்தார். படமும் ஷீட்டும் ஒண்ணையே சொன்னா அவர் எதைச் சந்தேகப்படுவார்? இடது பக்கம் திறந்தாங்க. அங்க ஒண்ணும் இல்ல. தேடியிருக்காங்க. தேடின இடத்துல ரத்தம் கட்டிருச்சு. அப்புறம் மூடிட்டு, மெஷின்ல நேரா எடுத்த பிலிமையெல்லாம் தேடிப் பார்த்துட்டு, வலது பக்கம் திறந்து கட்டியை எடுத்தாங்க. அந்தம்மா பொழைச்சுக்கிச்சு. நல்லாத்தான் இருக்கு, நடக்குது, சமைக்குது. ஆனா இடது பக்கத்துலதான்ணே பேச்சு இருக்கு. அது போயிருச்சு.

முழுசாப் போகல. ஒரே ஒரு வார்த்தை நின்னுருச்சு. அப்படி நிக்குமாம், டாக்டருங்க சொன்னாங்க, சிலருக்கு ஒரு வார்த்தை மட்டும் மாட்டிக்குமாம். தண்ணி வேணும்னாலும் அதான், வலிக்குதுன்னாலும் அதான், புருஷனைக் கூப்பிடுறதும் அதான். சோத்துக்கை.

விசாரணை வச்சாங்க. ஃபிலோமினா சிஸ்டர் ஒண்ணையே திருப்பித் திருப்பிச் சொன்னாங்க: "அந்தம்மா சோத்துக்கைன்னுதான் சார் சொன்னாங்க. நான் வலதுன்னு எழுதினேன்." வெளிய வராண்டாவுல புருஷன் சீனிராஜ் அண்ணன் நின்னுட்டு இருந்தார். அவர் சொன்னார், "அவளுக்குப் பொறந்ததுல இருந்து சோத்துக்கை இடதுதான் சார். ஆபீஸ்ல அவளை வரிசைக் கடைசியில உக்கார வப்பாங்க, முழங்கை பக்கத்து ஆளை இடிக்குதுன்னு. எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியுமே." ஊர்ல எல்லாருக்கும் தெரியும். கேன்டீன்ல எனக்கு முன்னாடி உக்காந்து, அந்தக் கையாலயே சாப்பிட்டு, அந்தக் கைதான்னு வாயாலயும் சொல்லிச்சு.

என்னைக் கேட்டாங்க. "படத்துல கட்டி இடது பக்கம் எப்படி வந்துச்சு?"ன்னாங்க. "கேஸ் ஷீட்டோட ஒத்துப் பாக்குறது வழக்கம் சார்"னேன். பெரிய டாக்டர் தலையாட்டினார். அவ்வளவுதான் கேட்டாங்க. கேட்டதுக்குப் பதில் சொன்னேன். நான் பொய் சொல்றவன் இல்லண்ணே. புரட்டினியான்னு யாராவது ஒருத்தர் கேட்டிருந்தா ஆமான்னு சொல்லியிருப்பேன். சிஸ்டரை வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. இருபத்திரெண்டு வருஷ சர்வீஸ். அப்புறம் ஆஸ்பத்திரியில ஒரு சர்க்குலர் போட்டாங்க, எந்தப் பக்கம்னு நோயாளி வாயாலச் சொன்னாப் பத்தாது, கையைத் தூக்கிக் காட்டச் சொல்லி எழுதணும்னு. நல்ல சர்க்குலர். நான்தான் எழுதிக் கொடுத்தேன். போன வருஷம் எனக்குப் பதவி உயர்வு வந்துச்சு.

இந்தா பாருங்க. பென் டிரைவ். சட்டைப் பையில எப்பவும் இருக்கும். அந்தம்மாவோட பழைய ஃபைல், மெஷின்ல இருந்து வந்த மாதிரியே, கட்டின மூட்டை அவுக்காம. ஏன் வச்சிருக்கேன்னு கேட்டா எனக்கே தெரியல. சனி ஞாயிறு வீட்டுல அதைத் திறப்பேன். அந்த ஒரு வரியை எடுத்துட்டு ஓட்டுவேன். ஒவ்வொரு தடவையும் கட்டி வலது பக்கம் வந்து நிக்கும். ஒருநாளாவது மாத்திச் சொல்லாதான்னு பாக்குறேன். அது சொல்லாது. பைத்தியக்காரத்தனம்தான், ஒத்துக்கிறேன். கல்யாண வீட்டுப் பந்தியில எனக்குச் சாப்பிட வரல இப்பல்லாம். எல்லார் கையையும் பார்த்துட்டே இருப்பேன். எம் பொண்டாட்டி, "மனுஷங்க சாப்பிடுறதை இப்படியா பாப்பீங்க, அசிங்கமா இருக்கு"ன்னு என்னைக் கூட்டிட்டுப் போறதையே விட்டுட்டா. யாராவது ஒருத்தர் சோத்துக்கைன்னு சொல்லிட்டா போதும், திரும்பிப் பார்த்துருவேன், எம் பேரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி.

மாசம் ஒரு தடவை அந்த ஊருக்குப் போவேன். அது பரிகாரம் அது இதுன்னு நினைக்காதீங்க. மனுஷத்தன்மை. சீனிராஜ் அண்ணன் என்னை வாசல்ல வந்து கூட்டிட்டுப் போவார். அக்கம்பக்கத்துல, "ஆஸ்பத்திரியில இருந்து வந்து பாக்குற ஒரே மனுஷன் இந்தத் தம்பிதான்"னு சொல்லுவார். எனக்குக் கூச்சமா இருக்கும். அந்தம்மா என்னைப் பார்த்ததும், "சோத்துக்கை"ங்கும். முதல் தடவை நான் செருப்பைக்கூடக் கழட்டாம வாசல்லயே நின்னுட்டேன். அவர்தான் சொன்னார், "சாப்பிடக் கூப்பிடுறா தம்பி. வாங்க"ன்னு. சரி, சாப்பிடக் கூப்பிடுது. அப்படித்தான் இருக்கணும். ஒவ்வொரு மாசமும் இன்னைக்குச் சொல்லிரணும்னு போவேன். சாப்பிட்டுட்டு வந்துருவேன்.

போன வாரம் அவர் போன் பண்ணினார். "தம்பி, அந்த நர்சம்மா வராங்களாம். மன்னிப்புக் கேக்கணுமாம். எனக்கு என்ன பேசுறதுன்னு தெரியல, நீங்க கூட இருங்க"ன்னார். இன்னைக்குத்தான் அது. இப்ப அங்க இருந்துதான் வரேன்.

ஃபிலோமினா சிஸ்டர் நரைச்சுப் போயிட்டாங்க. ஒரு சீப்பு வாழைப்பழம், கொஞ்சம் ஆப்பிள். அதைக் கீழ வச்சுட்டு அந்தம்மா காலைத் தொடப் போனாங்க. அந்தம்மா பதறிப் பிடிச்சுக்கிச்சு. "நான்தான்மா தப்பா எழுதினேன். நீ கையைக் காட்டுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கலயே. உன் பேச்சை நான்தான்மா எடுத்துட்டேன்"னு அழறாங்க. சீனிராஜ் அண்ணனும் அழறார். நான் தூணோரமா நிக்கிறேன். பென் டிரைவ் இங்க, இந்தப் பையில. கை வச்சுப் பார்த்துக்கிட்டேன். இப்பச் சொன்னாச் சொன்னதுதான், இதை விட்டா வேற நேரம் இல்லன்னு எனக்கே தெரியுது. சிஸ்டர் எழுதினது தப்புதான், ஆனா ஃபைல் சரியா இருந்துச்சு, நான் அதை நம்பல, நான்தான் புரட்டினேன். நாலு வாக்கியம். மனசுக்குள்ள வரிசையா நிக்குது.

அதுக்குள்ள இலை போட்டாங்க. சிஸ்டரே எந்திரிச்சுப் பரிமாறினாங்க. எனக்குக் குழம்பு ஊத்திக்கிட்டே, "சாப்பிடுங்க தம்பி. ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க? உங்க மேல என்ன தப்பு, நீங்க வந்ததைத் திறந்தீங்க"ன்னாங்க. நான் வாயைத் திறந்தேன். திறந்தேன்ணே, சத்தியமா. "இன்னும் கொஞ்சம் குழம்பு"ன்னுதான் வந்துச்சு.

அப்ப அந்தம்மா அடுப்படியில இருந்து வந்துச்சு. எனக்கு எதுத்தாப்புல உக்காந்துச்சு. நான் சோத்தைப் பிசைஞ்சுட்டு இருந்தேன். அது என் வலது மணிக்கட்டைப் பிடிச்சு, மெதுவா இலையில இருந்து தூக்கி, ஒரு பக்கமா வச்சுச்சு. அப்புறம் மடியில கிடந்த என் இடது கையை எடுத்துச்சு. சோத்துல வச்சு அமுக்குச்சு. குழம்பு சுடச்சுட இருக்கு, சுடுது. என் முகத்தையே பார்த்து, "சோத்துக்கை"ன்னுச்சு. சத்தமா இல்ல. கேன்டீன்ல சொன்ன மாதிரியே.

சீனிராஜ் அண்ணன் கண்ணைத் துடைச்சுட்டு, "விளையாடுறா தம்பி. உங்ககிட்ட மட்டும்தான் இப்படி"ன்னு சிரிச்சார். சிஸ்டர் சிரிக்கல. கரண்டியைக் கையில வச்சுட்டு என்னையே பார்த்துட்டு நின்னாங்க.

நான் சாப்பிட்டேன். இடது கையில. எடுக்க மனசு வரல, எடுத்தா என்ன அர்த்தம் ஆகும்னு பயம். சோறு விரலுக்கு நடுவுல கொட்டுது, வாய்க்குப் பாதி, வேட்டியில பாதி. அந்தம்மா எந்திரிக்காம, இலை காலியாகுற வரைக்கும் பார்த்துட்டே இருந்துச்சு. அப்புறம் பஸ் வந்துரும்னு சொல்லிட்டு ஓடி வந்துட்டேன். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல கழுவினேன், மோட்டல்ல கழுவினேன், அதைத்தான் நீங்க பார்த்தீங்க.

அது என்னைச் சாப்பிடச் சொல்லுச்சு. வேற என்ன? அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும், யாருமே சொல்லலையே. அதுக்கு இருக்குறது ஒரே வார்த்தை, அதை எல்லாருக்கும்தான் சொல்லுது. நீங்களே சொல்லுங்கண்ணே, இதுல என்ன இருக்கு.

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. இறங்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம், இந்தக் கையைக் கொஞ்சம் மோந்து பாருங்க. இல்லண்ணே, அது சோத்துக்கை, இது, இந்த இடது. குழம்பு வாசம் இருக்கா?